பிரச்சினை–தீர்வுக் கட்டுரை: எழுத உட்காரும் முன் செய்ய வேண்டிய வேலைகள்

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் எல்லாருக்கும் ஒரு நாள் இந்த வேலை வந்து சேரும். "ஏதாவது ஒரு பிரச்சினையை எடுத்துக்கோங்க, அதுக்குத் தீர்வு சொல்லி ஒரு கட்டுரை எழுதிட்டு வாங்க" என்று ஆசிரியர் சொல்லிவிடுவார். தேர்வில் குறிப்புச் சட்டகத்தைப் பார்த்துக் கட்டுரை எழுதிப் பழகிய கை உடனே முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்புப் போடத் தொடங்கும். முன்னுரையில் ஒரு மேற்கோள், நடுவில் நாலைந்து உட்தலைப்புகள், முடிவுரையில் "அரசும் மக்களும் கைகோத்துச் செயல்பட வேண்டும்". அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

அந்த முடிவுரையை மட்டும் தனியாக எடுத்துப் படித்துப் பாருங்கள். நெகிழிக் குப்பைக்கும் அது பொருந்தும், சாலை விபத்துக்கும் பொருந்தும், கொசுத் தொல்லைக்கும் பொருந்தும். உங்கள் பிரச்சினையைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

இந்த வகைக் கட்டுரையில் தீர்வு என்று ஒன்றை எழுதினால், அதை யார் செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும், யார் காசில் செய்ய வேண்டும், செய்தால் பிரச்சினை எவ்வளவு குறையும் என்று சொல்ல முடிய வேண்டும். அழகாக எழுதத் தெரிந்தவர்களுக்குக்கூட இது உட்கார்ந்த இடத்தில் வராது. எழுதும் முன் தேடியிருந்தால்தான் வரும். அந்தத் தேடலை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன். ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போவோம்: சென்னையில் ஒரு பள்ளி, கோடையில் அங்கே தண்ணீர் இல்லை.

பிரச்சினையைக் கைக்கு அடக்கமாக்குங்கள்

"தண்ணீர்ப் பஞ்சம்" என்று தலைப்பு எழுதினால் எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்றே தெரியாது. "சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம்" கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அதுவும் பெரிது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள், ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா நீர், வீராணம் குழாய், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் உள்ள கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் என்று ஒவ்வொன்றுமே தனிக் கட்டுரைக்கான விஷயம். நான்கு பக்கத்தில் எல்லாவற்றையும் தொடப் போனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிதான் மிஞ்சும்.

இன்னும் கீழே இறங்கி வாருங்கள். "எங்கள் பள்ளியில் ஏப்ரல் வந்தால் போர்வெல்லில் தண்ணீர் ஏறுவதில்லை, லாரித் தண்ணீர் வாங்குகிறோம். மாடியிலிருந்து மழைநீர்க் குழாய்கள் இறங்குகின்றன, கீழே அந்த நீரை நிலத்துக்குள் இறக்கும் மழைநீர்த் தொட்டியும் இருக்கிறது. இருந்தும் இந்த நிலை." இது எழுதக்கூடிய பிரச்சினை. நடந்து போய்ப் பார்க்கலாம். எண்ணிக் கணக்கு எடுக்கலாம். கேட்டால் பதில் சொல்ல ஆட்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். உங்கள் பிரச்சினையில் இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் தலைப்பை மாற்றிவிடுவது நல்லது.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். ஒரு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தும் பலன் தராத இடத்தில்தான் நல்ல கட்டுரைக்கான விஷயம் கிடைக்கும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, உங்கள் தெருக் காய்கறிக் கடையில் இன்னும் கேட்காமலே கேரி பேக் தருகிறார்களா? மாணவர்களுக்கு இலவசப் பேருந்து அட்டை இருக்கிறது, காலை எட்டு மணிப் பேருந்தில் படியில் தொங்கிக்கொண்டுதான் வருகிறார்களா? பள்ளியில் குடிநீர்க் குழாய் இருக்கிறது, மாணவிகள் பலர் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று மாலை வரை தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்களா? "இருந்தும் ஏன்?" என்ற கேள்வி கிடைத்துவிட்டால் தேடல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

வீட்டில் நடக்கும் குடிப்பழக்கம், வகுப்பில் ஒருவரைக் குறிவைத்து நடக்கும் கேலி போன்றவற்றை எடுக்க நினைப்பவர்கள் முதலில் நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரிடம் பேசிவிடுங்கள். கட்டுரையில் யாரையும் அடையாளம் காட்டிவிடக் கூடாது.

முதலில் போய்ப் பாருங்கள், அப்புறம் தேடுங்கள்

தலைப்பு முடிவானதும் எல்லாரும் செல்பேசியைத்தான் எடுப்பார்கள். ஒரு நாள் பொறுங்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா, முடிந்தால் ஒரு அளவு நாடா எடுத்துக்கொண்டு பிரச்சினை இருக்கும் இடத்துக்குப் போங்கள். அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இணையத்தில் தேடினால், கிடைக்கிற கட்டுரைகளில் சொல்லியிருப்பதையே உங்கள் பள்ளியிலும் இருப்பதாக நினைத்துக்கொள்வீர்கள்.

நம் பள்ளியில் என்ன பார்ப்பது? மாடியிலிருந்து எத்தனை குழாய்கள் இறங்குகின்றன என்று எண்ணுங்கள். ஒவ்வொரு குழாயையும் மேலிருந்து கீழ்வரை கண்ணால் பின்தொடருங்கள். பல கட்டடங்களில் குழாய் சுவரோரமாக அழகாக இறங்கிவந்து தரைக்கு ஒரு முழம் மேலே நின்றுவிட்டிருக்கும். தொட்டிக்குப் போகிற குழாயோடு அதைச் சேர்க்கும் எல்போ கழன்று போயிருக்கும், அல்லது சுவருக்கு வெள்ளையடித்தபோது கழற்றியவர்கள் திரும்ப மாட்டியிருக்க மாட்டார்கள். மழை பெய்தால் தண்ணீர் சிமென்ட் தளத்தில் கொட்டி, கேட்டைத் தாண்டித் தெருவோரச் சாக்கடைக்குப் போய்விடும். மாடியில் தண்ணீர் இறங்கும் வாயில் வேப்பஞ்சருகு அடைத்திருக்கிறதா, கீழே தொட்டியில் கூழாங்கல்லும் ஜல்லியும் மணலும் தெரிகிறதா, அல்லது எல்லாவற்றையும் மூடிச் சேறு படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அனுமதி இல்லாமல் மாடிக்குப் போக வேண்டாம். தொட்டி மூடியைப் பெரியவர் ஒருவர்தான் திறக்க வேண்டும், நீங்கள் வெளியே நின்று பாருங்கள். எந்தத் தொட்டிக்குள்ளும், சம்புக்குள்ளும் (தரைக்கு அடியில் தண்ணீர் சேர்த்து வைக்கும் தொட்டி) இறங்கவே கூடாது. மூடிக் கிடந்த தொட்டிக்குள் நச்சு வாயு தேங்கியிருக்கலாம், அது உயிரைப் பறிக்கும்.

பார்த்ததை அங்கேயே எழுதுங்கள். "குழாய்கள் உடைந்திருந்தன" என்று எழுதினால் பத்து நாள் கழித்து ஒன்றும் நினைவுக்கு வராது. "பின்கட்டடத்தில் 6 குழாய், 4 தரையைத் தொடவில்லை, 1 நடுவில் விரிசல்" என்று எழுதினால் அது அப்படியே கட்டுரையில் ஒரு வாக்கியமாகிவிடும்.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்குங்கள், ஆனால் தகவலுக்கு அவரோடு நின்றுவிடாதீர்கள். தண்ணீர் பற்றி ஒரு பள்ளியில் அதிகம் தெரிந்தவர் மோட்டார் போடுகிறவர். பெரும்பாலும் அது காவலாளியாக இருக்கும், இல்லாவிட்டால் துப்புரவுப் பணி செய்யும் அக்காவாக இருக்கும். பேட்டி என்றவுடன் மாணவர்கள் இப்படிக் கேட்கிறார்கள்: "அண்ணே, மழைநீர் சேகரிப்பு முக்கியம்தானே?" அவரும் "ஆமாப்பா, ரொம்ப முக்கியம்" என்பார். இரண்டு பேருக்கும் நேரம் வீண்.

அவர் கையால் செய்கிற வேலையைப் பற்றிக் கேளுங்கள். "அண்ணே, இந்தத் தொட்டி மூடியைக் கடைசியா எப்போ திறந்தாங்க?" "காலையில மோட்டார் போட்டா எவ்வளவு நேரம் தண்ணி வருது? மே மாசத்துல எவ்வளவு நேரம் வரும்?" "லாரி வாரத்துக்கு எத்தனை வருது?" "நான் சேர்ந்ததுலேருந்து அதைத் திறந்தே பார்க்கலையேப்பா" என்று ஒரு பதில் வந்தால், அதற்கு ஈடாக எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி கிடைக்காது. அவர் எத்தனை ஆண்டாக அங்கே வேலை பார்க்கிறார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சொன்னதை எழுதலாமா, பெயர் போடலாமா என்றும் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் "பள்ளியின் காவலாளி" என்று போட்டாலே போதும். அவர் சொன்னதால் அவர் வேலைக்கு எந்தச் சிக்கலும் வந்துவிடக் கூடாது.

அப்புறம் அலுவலகம். லாரித் தண்ணீர் வாங்கிய ரசீதுகள் அங்கே இருக்கும். மாதவாரியாக எத்தனை லாரி, ஒரு லாரிக்கு எத்தனை லிட்டர், என்ன விலை என்ற மூன்றும் கிடைத்தால் போதும். காட்ட மாட்டோம் என்று சொன்னால் வற்புறுத்த வேண்டாம். கேட்டுக்கு எதிரே உள்ள கடைக்காரரோ காவலாளியோ சொல்லும் எண்ணிக்கையை, "காவலாளி சொன்ன கணக்குப்படி" என்று சேர்த்து எழுதலாம்.

வெளியே தேடுவது

இப்போது செல்பேசியை எடுக்கலாம். உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்பது இதற்குள் தெளிவாகியிருக்கும்.

முதல் தேவை, மழை. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில். இந்திய வானிலை ஆய்வுத் துறை நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் தனித்தனியாக மழையை அளக்கிறது, இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்காது. எந்த நிலையத்தின் எண், எந்த ஆண்டின் எண் என்று சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சட்டம். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயம் என்று 2003-இல் அவசரச் சட்டம் வந்தது. உங்கள் பள்ளியின் தொட்டியும் அப்போதோ அதற்குப் பிறகோ கட்டியதாக இருக்கலாம். அந்த ஆண்டின் செய்தித்தாள்களை மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா நூற்றாண்டு நூலகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன, மதுரைக்காரர்களுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. என்ன வேண்டும் என்று நூலகரிடம் ஒரே வாக்கியத்தில் சொன்னால் அவரே வழி காட்டுவார். கூச்சப்பட வேண்டாம், அது அவர் வேலை.

மூன்றாவது, பின்னணி. 2018-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019 கோடையில் நகரத்துக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டன. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. இணையத்தில் தேடும்போது "சென்னை தண்ணீர்" என்று மட்டும் போட்டால் எல்லாம் கலந்து வரும். "2019 ஜூலை ஜோலார்பேட்டை தண்ணீர் ரயில்" என்று ஆண்டு, மாதம், ஊர் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள்.

எண் கிடைத்ததும் அதைத் தனியாக விட்டுவிடாதீர்கள். 25 லட்சம் லிட்டர் என்றால் பிரமாண்டமாகத் தெரிகிறது. மீஞ்சூர் ஆலையின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அதில் நாற்பதில் ஒரு பங்குதான் ஒரு ரயில். இப்படி இன்னொரு எண்ணின் பக்கத்தில் வைத்தால்தான் படிப்பவருக்கு அளவு புரியும். அலகையும் கவனியுங்கள். சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் நீர் இருப்பை மில்லியன் கன அடியில் வெளியிடுகிறது. ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர், ஆகவே ஒரு மில்லியன் கன அடி 2.83 கோடி லிட்டர். இந்த மாற்றத்தை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

விக்கிப்பீடியாவைப் படிக்கலாம், ஆனால் அதன் அடியில் கொடுத்திருக்கும் மூல ஆதாரத்துக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் எண்ணை எடுக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கிய எண்ணுக்கும் இதே விதிதான். அது சொல்லும் எண் சரியாகவும் இருக்கலாம், எங்குமே இல்லாததாகவும் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த தகவல், யார் எழுதியது, எப்போது எழுதியது என்று தெரியாவிட்டால் நோட்டுக்குள்ளேயே வரக் கூடாது.

அரசு அலுவலகத்தில் மட்டுமே இருக்கும் தகவல் வேண்டுமென்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். பதிலுக்கு 30 நாள் கெடு இருக்கிறது. கட்டுரைக்கு அவ்வளவு நாள் அவகாசம் இருந்தால் மட்டும் வீட்டுப் பெரியவர் ஒருவர் துணையோடு முயன்று பாருங்கள்.

ஒவ்வொரு குறிப்பின் கீழும் எங்கிருந்து எடுத்தது, எந்தத் தேதி, எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததை ஒரு நிற மையிலும், பிறர் சொன்னதை இன்னொரு நிறத்திலும் எழுதினால் பின்னால் குழப்பம் வராது. ஆதாரத்தில் உள்ள வாக்கியத்தை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி போட்டுவிடுங்கள். நோட்டில் போடாமல் விட்டால், கட்டுரையில் அது உங்கள் சொந்த வாக்கியமாக மாறிவிடும்.

காரணத்தைத் தோண்டுவது

மாணவர் கட்டுரைகளில் காரணம் என்ற பகுதிதான் எப்போதும் மெலிந்து கிடக்கும். பிரச்சினை ஒரு பக்கம், தீர்வு ஒரு பக்கம், நடுவில் காரணம் மூன்று வரி. காரணம் தப்பாகப் போனால் தீர்வும் தப்பாகத்தான் போகும்.

ஏன் என்று கேட்டுக்கொண்டே கீழே இறங்குங்கள். போர்வெல் ஏன் வற்றுகிறது? நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. ஏன் இறங்கியது? பெய்த மழை உள்ளே போகவில்லை. ஏன் போகவில்லை? குழாய் தொட்டியோடு சேரவில்லை, தொட்டியில் சேறு அடைத்திருக்கிறது. ஏன் சுத்தம் செய்யவில்லை? அது யார் வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. இந்தக் கடைசி பதிலுக்கு வந்து சேர்ந்ததும் கட்டுரையின் திசையே மாறிவிடுகிறது. தொட்டி கட்ட வேண்டும் என்று நீங்கள் எழுதத் தேவையில்லை, தொட்டி ஏற்கெனவே இருக்கிறது. ஆண்டுதோறும் அதைப் பராமரிக்கும் பொறுப்பு எங்கேயாவது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அலுவலகத்துக்குத் திரும்பப் போய் அதைக் கேளுங்கள்.

ஒவ்வொரு ஏன் கேள்விக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பதில் இருக்கும். சுற்றியுள்ள அடுக்குமாடிக் கட்டடங்கள் இன்னும் ஆழமாக போர் போட்டு உறிஞ்சுகின்றன. விளையாட்டுத் திடல் போக மீதி இடமெல்லாம் சிமென்ட் தளம். மழையே குறைந்த ஆண்டில் தொட்டி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பயன் குறைவுதான். இவற்றையும் எழுதுங்கள். எழுதிவிட்டு, இவற்றில் எதற்கு உங்கள் கையில் சான்று இருக்கிறது, எதை உங்கள் பள்ளியால் மாற்ற முடியும் என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்று பதில் வரும் காரணத்தை மையமாக எடுங்கள். மற்றவற்றை ஒரு பத்தியில் ஒப்புக்கொண்டால் போதும்.

கணக்குப் போடுங்கள்

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். இது மட்டும் தெரிந்தால் எட்டாம் வகுப்புக் கணக்கே போதும்.

கட்டடத்தின் நீளம் 40 மீட்டர், அகலம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாடியின் பரப்பு 400 சதுர மீட்டர். ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை என்றால் 5,60,000 லிட்டர். ஆவியாவது, சிதறுவது, முதல் மழையில் அழுக்கோடு வெளியே விடுவது போக 80 விழுக்காடு பிடிக்க முடிந்தால் 4,48,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் சொன்னால் 37 லாரித் தண்ணீர் ஒரு மாடியிலிருந்து சாக்கடைக்குப் போகிறது.

பெரும்பாலோர் இந்த இடத்தில் சந்தோஷமாக நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள். அடுத்த கணக்கையும் போடுங்கள். பகல் நேரப் பள்ளிக்கு ஒரு தலைக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவு. 500 பேர் படிக்கும் பள்ளி என்றால் நாளுக்கு 22,500 லிட்டர். 4,48,000 லிட்டரை 22,500-ஆல் வகுத்தால் 20 நாள்கூட முழுதாக வரவில்லை. ஓர் ஆண்டு முழுக்கப் பெய்த மழை, மூன்று வாரத் தேவைக்குக்கூடக் காணாது. போதாக்குறைக்கு, நிலத்துக்குள் விட்ட தண்ணீர் முழுவதும் உங்கள் போர்வெல்லுக்கே வரும் என்று சொல்ல முடியாது. அது தெருவுக்கே பொதுவான நீர்.

இதைப் பார்த்ததும் தலைப்பையே விட்டுவிடத் தோன்றும். விட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். "மழைநீரைச் சேகரித்தால் பள்ளியின் தண்ணீர்ப் பிரச்சினை தீரும்" என்று எழுத இருந்தீர்கள். இப்போது "கோடையில் வாங்கும் லாரிகளின் எண்ணிக்கை குறையும், லாரியே தேவையில்லை என்று ஆகாது" என்று எழுதுவீர்கள். படிக்கிற ஆசிரியருக்கு இரண்டாவது வாக்கியத்தை எழுதியவர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார் என்று உடனே தெரியும். உங்களுக்கும் இன்னொரு வழி தேட வேண்டும் என்ற எண்ணம் வரும். ஒழுகும் குழாய் ஒன்றின் கீழே ஒரு மணி நேரம் வாளி வைத்து, சேர்ந்த தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து, 24-ஆல் பெருக்கிப் பாருங்கள். பள்ளியில் அப்படி எத்தனை குழாய் ஒழுகுகிறது என்றும் எண்ணிவிட்டால், தேவையையே குறைக்கும் இரண்டாவது தீர்வு கையில் வந்துவிடும்.

தீர்வுகளை உரசிப் பார்ப்பது

மனதில் முதலில் வந்த தீர்வை மட்டும் எழுதாமல், நாலைந்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லாரித் தண்ணீரையே தொடர்வது, போர்வெல்லை இன்னும் ஆழப்படுத்துவது, இருக்கும் தொட்டியைச் சுத்தம் செய்து குழாய்களைச் சேர்ப்பது, மாடி நீரை வடிகட்டி நேராக சம்பில் விடுவது, ஒழுகும் குழாய்களை மாற்றுவது. ஒவ்வொன்றுக்கும் செலவு என்ன, முடிவெடுப்பவர் யார், எப்போது பலன் தெரியும், யாருக்காவது பாதகம் வருமா என்று எழுதுங்கள். ஆழமாக போர் போட்டால் பக்கத்து வீடுகளின் நீரையும் சேர்த்து இழுக்கிறோம், கடலோரப் பகுதியாக இருந்தால் உப்புநீர் ஏறும் ஆபத்தும் உண்டு. செலவை இணையத்தில் தேடாதீர்கள். தெருவில் உள்ள பிளம்பர் அண்ணனையோ கொத்தனாரையோ கூட்டிவந்து காட்டி, மதிப்பீடு கேட்டு, தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.

யார் செய்வது என்ற கேள்விக்கு "அரசு" என்று பதில் எழுதினால், இதைச் செய்யுங்கள் என்று கேட்கும் கடிதத்தை எந்த முகவரிக்கு அனுப்புவது? அரசுப் பள்ளி என்றால் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. பெற்றோர் ஆசிரியர் கழகம் இருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை பெறுவதற்காக 2022-இல் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி திட்டம் இருக்கிறது. சருகு பெருக்கவும் குழாய் வாய்களைக் கண்காணிக்கவும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் தேசிய பசுமைப் படையும் இருக்கிறார்கள். எந்த வேலை யாருடையது என்று பிரித்து எழுதுங்கள். காலமும் முக்கியம். சென்னையில் இந்த வேலை செப்டம்பர் முடிவதற்குள் நடந்தாக வேண்டும்.

"விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்" என்று எழுதத் தோன்றும்போது, யாருக்கு எந்த விஷயம் தெரியாமல் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். வெள்ளையடிக்க வந்தவருக்குக் குழாயைத் திரும்ப மாட்ட வேண்டும் என்று தெரியவில்லை என்றால், அவருக்கு வேலை முடித்துப் பணம் கொடுக்கும் முன் குழாய்களைச் சரிபார்க்க வேண்டும் என்று எழுதலாம். அப்படி எந்த வரியும் வரவில்லை என்றால் அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள்.

மறுப்பு சொல்பவர்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் தண்ணீர் நின்றால் கொசு வராதா என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஏனென்றால் டெங்கு பரப்பும் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. மூடியில் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்வது, காற்றுப்போக்கிக் குழாயில் வலை கட்டுவது என்று பதிலைத் தயாராக வைத்திருங்கள். இந்த ஆண்டு செய்வீர்கள், அடுத்த ஆண்டு யார் செய்வது என்பது இன்னும் கடினமான மறுப்பு. அதற்கு ஒரு பதிவேடு போட்டு, ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் தொட்டியைப் பார்த்தவர் கையெழுத்திட வேண்டும் என்று சொல்லலாம். உங்களுக்கு இதைவிட நல்ல யோசனை தோன்றினால் அதையே எழுதுங்கள்.

ஒரு பக்கத் திட்டம்

எல்லாம் சேர்ந்த பிறகு ஒரே ஒரு தாளில் திட்டம் போடுங்கள். மேலே உங்கள் கருத்தை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: "பள்ளியின் மழைநீர்த் தொட்டியைப் பராமரிக்கும் பொறுப்பு யாரிடமும் இல்லாததால் மாடி மழை வீணாகிறது, பள்ளி மேலாண்மைக் குழு அந்தப் பொறுப்பை ஏற்று, செப்டம்பருக்குள் குழாய்களைச் சேர்த்து, ஒழுகும் குழாய்களையும் மாற்றினால் கோடையில் வாங்கும் லாரிகள் குறையும்." இந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால் இன்னும் ஏதோ தகவல் குறைகிறது. அது எது என்று பார்த்து, அதை மட்டும் போய்த் தேடுங்கள்.

அதன் கீழே பத்திகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எந்தக் குறிப்பு போகிறது என்று எண் போடுங்கள். குறிப்பே இல்லாத பத்தி இருந்தால் அது வெறும் வார்த்தையாகத்தான் வரும். பிரச்சினைக்கும் காரணத்துக்கும் சேர்த்துக் கட்டுரையில் பாதியைக் கொடுக்கலாம். மூன்று வாரம் அவகாசம் கிடைத்தால் முதல் வாரம் பார்க்கவும் கேட்கவும், இரண்டாவது வாரம் வெளியே தேடவும் கணக்குப் போடவும், மூன்றாவது வாரம் எழுதவும் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். "இன்றைய உலகில் தண்ணீர் மிகவும் இன்றியமையாதது. நீரின்றி மனிதன் வாழ முடியாது" என்று தொடங்கினால் யாரும் மறுக்க மாட்டார்கள், யாரும் தொடர்ந்து படிக்கவும் மாட்டார்கள். "எங்கள் பள்ளியின் பின்கட்டடத்தில் ஆறு மழைநீர்க் குழாய்கள் இறங்குகின்றன. அவற்றில் நான்கு தரையைத் தொடுவதில்லை" என்று தொடங்கிப் பாருங்கள். ஆசிரியர் முன்னுரை, முடிவுரை என்று தலைப்புகள் கட்டாயம் வேண்டும் என்றால் போடுங்கள், அதில் ஒரு தவறும் இல்லை. தலைப்பின் கீழே வருவது உங்கள் பள்ளியைப் பற்றி இருக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் வீட்டில் யாரிடமாவது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் "யார் சொன்னது?" என்று கேட்கிறார்களோ அங்கே ஆதாரம் விட்டுப்போயிருக்கிறது, "சரி, அப்புறம்?" என்று கேட்கும் இடத்தில் தீர்வு பாதியில் நிற்கிறது. இரண்டையும் சரிசெய்யுங்கள். ஆசிரியரிடம் கொடுக்கும் அன்றே இன்னொரு நகலை, பிளம்பர் கொடுத்த மதிப்பீட்டோடு சேர்த்து, தலைமையாசிரியரிடம் கொடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆகஸ்டில் கொடுத்தால் அக்டோபர் மழைக்கு முன்னால் தொட்டியில் சேறு அள்ளுவதற்கு நேரம் இருக்கும்.